பாறையை எப்போ உடைக்கணும்? ஒரு கேம், கொஞ்சம் கிட்னி கல், நீண்ட இழை

ஸ்டார்டியூ வேலி விளையாடுற எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி.

உங்க நிலத்துல கிடக்கிற பெரிய பாறையை முதல் நாளே பிக்காசால அடிச்சுப் பார்த்தவங்க கை தூக்குங்க.

கிட்டத்தட்ட எல்லாரும் தூக்கியிருப்பீங்க. அந்த கேமில் அது ஒரு சடங்கு மாதிரி.

அடிச்சதும் என்ன ஆச்சு? "டங்"னு ஒரு சத்தம். பாறை அசையாது. இதை உடைக்க உன் கருவிக்கு வலு போதாது என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு. அவ்வளவுதான்.

அந்த அறிவிப்பைப் பற்றியும் அந்தப் பாறைகளைப் பற்றியும்தான் இந்த இழை. கேம் விளையாடாதவர்களும் படிக்கலாம். நடுவில் சிறுநீரகக் கல்லும் வரும். எழுதுறது டாக்டர், வராம இருக்குமா?

முதலில் கேம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்.

2016 பிப்ரவரியில் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து கோடிங், படம், இசை எல்லாவற்றையும் தானே செய்த கேம். 2019ல் ஆண்ட்ராய்டு போனுக்கும் வந்துவிட்டது. எனக்குக் காட்டிக் கொடுத்தது எங்கள் டூட்டி ரூமில் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி. "சார், இதுல யாரும் யாரையும் சுட மாட்டாங்க, விவசாயம் மட்டும்தான்" என்றான். நைட் டூட்டி பார்த்துட்டு வந்து தூக்கம் வராம கிடக்கிறவனுக்கு அது போதும்.

கதை எளிது. தாத்தா விட்டுப்போன பண்ணை. ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அங்கே போகிறீர்கள். கையில் 500 காசு. மண்வெட்டி, கோடாரி, பூவாளி, அரிவாள், பிக்காசு. பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விதை 15.

நிலம் எப்படி இருக்கும்? புதர், கட்டை, சின்னக் கல், நடுநடுவே 2க்கு 2 கட்டம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெரிய பாறைகள்.

இப்போ கணக்குக்கு வருவோம். இந்த கேமில் உண்மையான எதிரி பாறை இல்லை, எனர்ஜி.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 270 எனர்ஜி. பிக்காசை ஒரு தடவை ஓங்கினால் 2 போகும். மண்வெட்டிக்கும் 2, பூவாளிக்கும் 2. 15 விதைக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினாலே 60 காலி.

மீதி இருப்பது 210. அதாவது 105 ஓங்கல். இதை எங்கே செலவழிக்கப் போகிறீர்கள் என்பதுதான் ஆட்டமே.

கவனிங்க, உடையாத பாறையை அடிச்சாலும் எனர்ஜி குறையும். பாறைக்கு ஒரு கீறல்கூட விழாது. உங்களுக்குத்தான் களைப்பு. எனர்ஜி முழுசா தீர்ந்தால் நம்ம ஆள் தள்ளாடி நடப்பார், மறுநாளும் முழுத் தெம்போடு எழ மாட்டார்.

அப்போ அந்தப் பாறையை உடைக்க என்ன வேணும்? ஸ்டீல் பிக்காசு. அதை எப்படி வாங்குறது? இங்கதான் இந்த கேம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கொஞ்சம் விவரமா சொல்றேன்.

ஸ்டீலுக்கு நேரா போக முடியாது. முதலில் செம்புப் பிக்காசு. அதற்கு 5 செம்புக் கட்டியும் 2,000 காசும் கொல்லர் கிளின்டிடம் கொடுக்க வேண்டும். ஒரு செம்புக் கட்டிக்கு 5 செம்புத் தாதும் 1 நிலக்கரியும். அதை உருக்க ஓர் உலை வேண்டும்.

உலை எதால் செய்வது? 20 செம்புத் தாது, 25 கல்.

25 கல். நிலத்தில் கிடக்கிற சின்னக் கல்தான். பழைய பிக்காசால் ஒரு தட்டு தட்டினாலே உடையுமே, அந்தக் கல்.

அப்புறம் சுரங்கத்தில் 40வது தளம் தாண்டி இறங்கினால் இரும்புத் தாது. 5 இரும்புக் கட்டி, 5,000 காசு. மறுபடியும் கிளின்ட். ஒவ்வொரு தடவையும் அவர் 2 நாள் எடுத்துக்கொள்வார். ஆக மொத்தம் 4 நாள் உங்கள் கையில் பிக்காசே இருக்காது. கருவியை மேம்படுத்தக் கொடுத்தவன் அந்த நாட்களில் கருவி இல்லாமல்தான் வேலை பார்க்கணும். பிஜி படிக்கப் போய் வந்த நண்பர்களுக்கு இந்த வரி புரியும்.

இவ்வளவும் முடித்து ஸ்டீல் பிக்காசோடு வந்து பாறையை உடைக்கிறீர்கள். என்ன கிடைக்கும்?

15 கல்.

அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். உலை கட்ட நீங்கள் பொறுக்கிய சின்னக் கற்களைவிடக் குறைவு. பாறையை உடைப்பதன் பெரிய லாபம் கல் இல்லை, அது பிடித்து வைத்திருந்த 4 கட்டம் நிலம்.

அதனால் அனுபவசாலிகள் முதல் வசந்தத்தில் பெரிய பாறையைத் தொடுவதே இல்லை. அதைச் சுற்றிப் பாத்தி கட்டிப் பயிர் வைத்துவிடுவார்கள். பாறை பாட்டுக்குப் பாறை, கிழங்கு பாட்டுக்குக் கிழங்கு.

சரி, எல்லாப் பாறையும் கருவிக்குத்தான் காத்திருக்கிறதா? இல்லை. இந்த ஊரில் பாறைகள் பல வகை.

முதல் வகை, மேலே சொன்னது. நல்ல கருவி வந்தால் உடையும். அபூர்வமாக ஓர் இரவில் நிலத்தில் விண்கல் ஒன்று விழும். அதற்கு ஸ்டீலும் போதாது, தங்கப் பிக்காசு வேண்டும். உள்ளே இரிடியம் என்ற விலையுயர்ந்த தாது இருக்கும்.

இரண்டாவது வகை, நாள் வந்தால்தான் விலகும். ரயில் பாதைக்குப் போகிற வழியை அடைத்திருக்கும் பாறைகளை நீங்கள் ஒன்றுமே செய்ய முடியாது. முதல் வருஷம் கோடைக்காலம் 3ஆம் தேதி நிலம் நடுங்கும், வழி திறந்துவிடும். சுரங்கத்தின் வாசலும் அப்படித்தான். வசந்தம் 5ஆம் தேதி ஜோஜா கம்பெனியிடமிருந்து கடிதம் வரும்: நாங்கள் துளை போட்டதால் சரிந்ததை நாங்களே அகற்றிவிட்டோம் என்று. அதுவரை அங்கே போய் நின்று என்ன பயன்?

மூன்றாவது வகைதான் அழகு. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆற்றை மறித்துக்கொண்டு மினுமினுக்கும் ஒரு பாறை. எந்தப் பிக்காசுக்கும் மசியாது. ஊர் சமுதாயக் கூடத்தில் மீன்தொட்டிக்கு உரிய 6 தொகுப்புகளை நிறைவு செய்தால் ஜூனிமோ என்ற குட்டித் தேவதைகள் இரவோடு இரவாக அதை அகற்றிவிடும். அதாவது ஆற்று மீன், ஏரி மீன், கடல் மீன், இரவு மீன் என்று பருவம் பருவமாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாறைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றும் இல்லை. ஊருக்காகச் செய்த வேலைக்குப் பதிலாக ஊர் செய்யும் வேலை அது.

ஆக, கருவி கேட்கும் பாறை, காலம் கேட்கும் பாறை, ஊர் கேட்கும் பாறை.

தன் முன்னால் இருப்பது எந்தப் பாறை என்று தெரிந்தவன் 270 எனர்ஜியில் ஒரு நாளை நல்லபடியாக முடிப்பான். தெரியாதவன் மதியத்துக்குள் தள்ளாடுவான்.

இப்போ ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

எங்கள் மருத்துவமனை சின்னது. ஸ்கேன் உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு, பிரசவ வார்டு உண்டு. யூராலஜி கிடையாது. கல்லடைப்பு என்று கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கோடையில் அதிகம்.

அதிலும் இதே மூன்று வகைதான்.

சிறுநீர்க் குழாயில் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். வலிக்கு மருந்து, தண்ணீர், கொஞ்சம் நாள். இது கோடை 3ஆம் தேதிப் பாறை.

10 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெரும்பாலும் கருவி வேண்டும். வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பி உடைப்பது, குழாய் வழியாகப் போய் லேசரால் உடைப்பது, முதுகு வழியாகத் துளையிட்டு எடுப்பது என்று வழிகள் உண்டு. அதிர்வலை முறையை 1980ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். அந்த இயந்திரத்தை உருவாக்கிய டோர்னியர், விமானம் செய்த நிறுவனம்! இது ஸ்டீல் பிக்காசு.

மூன்றாவது வகையைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறுபது தாண்டிய அம்மா. சர்க்கரை உண்டு. இரண்டு நாளாக விலா வலி, அன்று காலையிலிருந்து குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். வீட்டில் வாழைத்தண்டுச் சாறு கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேனில் ஒரு பக்க சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, கீழே குழாயில் கல். பிரஷர் இறங்க ஆரம்பித்திருந்தது.

கூட வந்த மகன் கேட்டார். "வலிக்கு ஊசி போட்டு அனுப்புங்க சார். கல்லு தானா வந்துரும்னு சொன்னாங்க."

"அது காய்ச்சல் இல்லாதப்போ தம்பி. இப்போ கல்லுக்கு மேல தேங்கி நிக்கிற சிறுநீர்ல கிருமி பெருகிட்டு இருக்கு. அது ரத்தத்துல ஏறினா உயிருக்கே ஆபத்து. இவங்களுக்கு ஏற ஆரம்பிச்சிருச்சோன்னு சந்தேகப்படுறேன். மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பணும்."

"இங்கேயே கல்லை உடைச்சு எடுக்க முடியாதா?"

"முடியாது."

அவர் என் பெயர்ப் பலகையைப் பார்த்தார். பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்துதான். பிறகு சொன்னார். "வெறும் எம்பிபிஎஸ்ஸா சார்? அப்போ நீங்க எதுக்கு இருக்கீங்க?"

கோபம் அவர் மேல் இல்லை. அம்மா கட்டிலில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது எந்த மகனும் அப்படித்தான் கேட்பான். ஆனால் அந்தக் கேள்வி புதிதல்ல. கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், "அடுத்து என்ன படிக்கிறீங்க?" என்று. தாலுகா, ஆரம்ப சுகாதார நிலையம் என்று வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர்கள் எல்லாருக்கும் காதில் விழுந்து பழகிய கேள்வி.

நான் அவரிடம் சொன்னது இதுதான். "கல்லை உடைக்கிற கருவி இங்க இல்ல. ஆனா இப்போ இவங்களுக்குக் கல்லை உடைக்கவே கூடாது. முதல்ல தேங்கினது வடியணும். அதுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி இங்க செய்ய வேண்டியது நாலு இருக்கு. அதைச் செய்யத்தான் இருக்கேன்."

கல்ச்சருக்கு ரத்தமும் சிறுநீரும் எடுத்தோம். ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போட்டோம். இரண்டு கையிலும் ஊசி வைத்து சலைன் ஓடியது. சர்க்கரை அளவைப் பார்த்து இன்சுலின். அதற்குள் சிஸ்டர் 108ஐக் கூப்பிட்டுவிட்டார். நான் மெடிக்கல் காலேஜ் யூராலஜி டூட்டி டாக்டரிடம் போனில் பேசினேன். காய்ச்சலோடு அடைப்பு, பிரஷர் குறைகிறது, இன்ன மருந்து இத்தனை மணிக்குப் போட்டாச்சு என்று தாளிலும் எழுதிக் கொடுத்தேன்.

அன்று இரவே அங்கே அவருக்கு டிஜே ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஸ்டென்ட் என்றால் என்ன? மெல்லிய வளைகுழாய். ஒரு நுனி சிறுநீரகத்தில், மறு நுனி சிறுநீர்ப்பையில். கல் இருக்கிற இடத்திலேயே இருக்கும். அதன் ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டிய மாதிரி சிறுநீர் இறங்கிவிடும். காய்ச்சல் அடங்கி, உடம்பு தேறி, சில வாரம் கழித்துத்தான் கல்லை எடுத்தார்கள்.

பாறையைச் சுற்றிப் பாத்தி கட்டுறதுன்னு சொன்னேனே, அதேதான். கிருமி சேர்ந்த அடைப்பில் அவசரப்பட்டுக் கல்லோடு மல்லுக்கட்டினால் கிருமி ரத்தத்தில் இன்னும் ஏறும். முதலில் வழி, பிறகுதான் பாறை.

இதில் ஒரு பாறையை அகற்ற எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்கேன் பார்த்தவர், சிஸ்டர், 108 பைலட், டெக்னீசியன், மெடிக்கல் காலேஜ் மயக்க மருந்து டாக்டர், யூராலஜிஸ்ட். மினுமினுக்கும் பாறை ஒரு ஆளின் பிக்காசுக்கு மசியாது என்று கேம் சொல்வது சும்மா இல்லை.

அந்த அறிவிப்புக்குத் திரும்ப வருகிறேன். அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். உன் கருவிக்கு வலு போதாது என்றுதான் கேம் சொல்கிறது. உனக்கு வலு போதாது என்று சொல்வதில்லை.

ரெஃபர் பண்ணும் ஒவ்வொரு தடவையும் இளம் டாக்டர்கள் முகத்தில் ஒரு கூச்சம் தெரியும். ஏதோ தோற்றுப்போன மாதிரி. அவர்களுக்குச் சொல்றேன். பாறையைப் பார்த்து, இது எந்த வகை என்று சரியாகச் சொல்லி, சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு அனுப்புவது தனி வேலை. உலைக்குத் தேவையான 25 கல்லும் நீங்கள் தினமும் ஓபியில் பொறுக்குகிற சின்னக் கல்தான். பிரஷர் மாத்திரை, சர்க்கரை டெஸ்ட், கர்ப்பிணிகளுக்கு செக்கப், தடுப்பூசி. அது இல்லாமல் மேலே எந்த ஸ்டீல் பிக்காசும் உருவாகாது.

இப்போ, உடைந்த பிறகு என்ன என்ற கேள்வி.

ஸ்டார்டியூவில் புதிதாக வருகிறவர்கள் கல்லைக் குப்பையாக நினைத்து விற்றுவிடுவார்கள். ஒரு கல்லுக்கு 2 காசு கிடைக்கும். பிறகு கோழிக்கூண்டு கட்டலாம் என்று போனால் 100 கல் கேட்பார்கள். கிணற்றுக்கு 75. தீவனக் கிடங்குக்கு 100. கல் தீர்ந்துவிட்டதே என்று தச்சர் ராபின் கடைக்குப் போனால் முதல் வருஷம் ஒரு கல் 20 காசு. இரண்டாவது வருஷத்திலிருந்து 100 காசு!

2 காசுக்கு விற்றதை 100 காசுக்கு வாங்கணும். கல்லு அதே கல்லுதான்.

விவரமானவர்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைப்பார்கள். 99 கல் இருந்தால் ஒரு படிக்கட்டு செய்யலாம். பாலைவனத்துச் சுரங்கத்தில் வழி தேடி அலையாமல் அந்தப் படிக்கட்டைப் போட்டு நேராக அடுத்த தளத்துக்கு இறங்கிவிடலாம். வழியை மறித்த அதே கல், அடுக்கினால் வழி.

சிறுநீரகக் கல்லும் இப்படித்தான் மக்களே. தானாக வெளியே வந்த கல்லைத் தயவுசெய்து டாய்லெட்டில் விட்டுவிடாதீர்கள். டீ வடிகட்டி மாதிரி ஒன்றில் (அதற்கென்றே தனியாக!) சிறுநீரை வடிகட்டி, கல் கிடைத்தால் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டு வாங்க. பரிசோதனைக்கு அனுப்பினால் அது கால்சியம் ஆக்சலேட்டா, யூரிக் அமிலமா, கிருமித் தொற்றால் வந்ததா என்று தெரியும். யூரிக் அமிலக் கல் என்றால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தாலேயே பல சமயம் கரைக்கலாம். அடுத்த கல் வராமல் தடுக்க முதல் கல்தான் துப்பு.

கடைசியாக, நோயாளிகளும் விளையாடுபவர்களும் சேவ் பண்ணிக்கொள்ள:

கல் வந்தவர்கள் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு இருப்பவர்கள் மட்டும் உங்கள் டாக்டர் சொன்ன அளவு.

உப்பைக் குறையுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் அதிகமாக உறிஞ்சப்படும், கல் கூடும்.

வாழைத்தண்டு சமைத்துச் சாப்பிடுங்கள், நல்ல காய். ஆனால் காய்ச்சலோடு கல் வலி, குளிர் நடுக்கம், சிறுநீர் வராமல் போவது, நிற்காத வாந்தி இதில் ஒன்று இருந்தாலும் சாறு போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நேரா ஆஸ்பத்திரி. ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வலி வந்தாலே வந்துவிடுங்கள்.

விளையாடுபவர்களுக்கு: முதல் வசந்தத்தில் பெரிய பாறையை விடுங்கள். சின்னக் கல்லைப் பொறுக்குங்கள். ஒன்றைக்கூட விற்காதீர்கள்.

அந்த அம்மா இப்போது மாதா மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க எங்கள் ஓபிக்குத்தான் வருகிறார். கல்லெடுத்த பின் ஒரு நாள் மகன் ஒரு மஞ்சள் பையிலிருந்து மெடிக்கல் காலேஜ் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து நீட்டி, "கல்லு ரிப்போர்ட்டும் இருக்கு சார், அடுத்து வராம இருக்க என்ன பண்ணணும்?" என்றார். அரை மணி நேரம் பேசினோம். அது என் வேலை.

உங்க பண்ணையில முதல் பெரிய பாறை எப்போ உடைஞ்சுது? அந்த இடத்துல என்ன வச்சீங்க? கீழே சொல்லுங்க, படிக்கிறேன். நான் கிணறு வெட்டினேன்.